உப்புப் பார்க்காமல் இறக்கிய பிரெஞ்சுக் குழம்பு

முற்றிய சேவல் எங்கே கிடைக்கும் என்று போன வாரம் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். ஆஸ்பத்திரி விடுதிச் சமையலறையில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பெண். இப்போது பெரிய ஹோட்டலில் இருக்கிறாள். "ஆன்ட்டி, செஃப் கோக்-ஓ-வான் செய்யச் சொல்றாரு. ஐஸ் கோழியப் போட்டா கொதி வந்ததுமே நார் நாராப் போயிடுது லா. நீங்க அந்தக் காலத்துல டாக்டர் வீட்டுல செஞ்சீங்களாமே, எப்படித்தான் செஞ்சீங்க?" என்றாள். சேவல் இல்லாமல் அதைச் செய்யாதே, செய்தால் அந்தப் பெயரைச் சொல்லாதே என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் பாவமாக இருந்தது. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் சரஸ்வதி. தோட்டத்து மானேஜர் பங்களாவில் பாத்திரம் தேய்க்கப் போய், அங்கேயே சூப் வைக்கவும் ரொட்டி சுடவும் பழகினேன். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தேன். அங்கே காஜா பேராங் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார்கள், போய் நின்றேன். பிறகு ஆஸ்பத்திரி விடுதியில் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டு ஓய்வு பெற்றேன். இவ்வளவுதான் என் சரித்திரம், மீதியெல்லாம் சோறும் குழம்பும்.

டாக்டர் நம்ம ஆள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சீமைக்குப் படிக்கப் போனவர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்துவிட்டு மூடிக்கொண்டது. டாக்டரின் தாயார் கண் மூடும்போது ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கினாராம்: மாடும் பன்றியும் இந்த வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது. மேடம் அதை ஒருநாளும் மீறவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

மேடத்துக்குத் தமிழ் வராது, எனக்கு பிரெஞ்சு வராது. இரண்டு பேரும் சந்தையில் புழங்கும் பாசார் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அதை இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். மரக்கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஏப்ரனில் மெதுவாகத் துடைப்பார். அதற்குள் எனக்கு உயிர் போய்விடும். திட்டிவிட்டாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

எங்களுக்குள் முதல் சண்டை உப்புப் பார்ப்பதில் வந்தது. மேடம் எதைச் சமைத்தாலும் கொதி வரும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை, இறக்கும் முன் ஒருமுறை என்று சுவைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது. என் அம்மா கோயில் திருவிழாவுக்குச் சமைத்தவர். சாமிக்குப் போகிற சோற்றை ஒருவர் வாயில் வைத்துவிட்டால் எச்சில், அப்புறம் அதைக் கீழே கொட்ட வேண்டியதுதான். வாசனை பிடித்தே உப்புச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு வீட்டுச் சமையலிலும் போகவில்லை. நான் சூப்பை ருசி பார்க்காமல் கொண்டுவந்து வைத்ததும் மேடம் கரண்டியை மேசைமேல் வைத்தார், கைகளைத் துடைத்தார். "ராசா டூலு, சரசு" என்றார். முதலில் சுவைத்துப் பார் என்று அர்த்தம். முடியாது என்றேன். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் பாதித் திருப்தி. இருந்தாலும் என் காதில் நாள் முழுக்க அந்த "ராசா டூலு"தான்.

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேகா, வந்த வருஷம் அது. ஊரே கொடியும் தோரணமுமாக இருந்த சமயத்தில் மேடத்தின் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. சைகோனில் இருக்கும் தன் தம்பியைப் பார்க்கக் கப்பலில் போகிறாராம். கப்பல் சிங்கப்பூரில் நிற்கும்போது ரயில் பிடித்து மலாக்காவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான தம்பின் வரை வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவாராம்.

தந்தியைப் படித்ததிலிருந்து மேடத்துக்கு நிலைகொள்ளவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அம்மா செத்தப்ப நான் இங்க இருந்தேன், சரசு. ஒடம்பு சரியில்லன்னுகூட எனக்குத் தெரியாது. செத்துப் போன சேதிதான் வந்துச்சு. நான் கடுதாசிக்கு மேல கடுதாசியா எழுதினேன். அப்பா ஒரு வரி பதில் போடல. என் மேல கோபமா, இவர் மேல கோபமா, ஒண்ணும் தெரியல. பசியோட இருந்தா அவர் வாயே திறக்க மாட்டார். நல்லாச் சாப்பிட்டா உக்காருவார், உக்காந்தா பேசுவார். எனக்கு இருக்கிறது அந்த ஒரு வேளைதான்." அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் சொல்ல முடியாது. எனக்கும்தான் வந்தது.

என்ன செய்வது என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கும் குழம்பு: முற்றிய சேவலைச் சிவப்பு வைனில் ஊறவைத்து, அந்த வைனிலேயே வேகவைத்து, கடைசியில் சேவலின் ரத்தத்தை ஊற்றிக் கெட்டியாக்குவது. கோக்-ஓ-வான் என்று பெயர். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கான சாமான்களில் பாதிக்கு மலாக்காவில் பெயரே கிடையாது. மேடம் கேட்டது கோலிக்குண்டு அளவு வெங்காயம். நம் சின்ன வெங்காயத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்றார். தைம் என்று ஒரு தழை வேண்டுமாம். அதன் காய்ந்த தூளை டப்பாவில் வைத்திருந்தார், வாசனை போய்ப் பழசாகிவிட்டது. முகர்ந்து பார்த்ததும் எனக்குச் சளிக்குக் கஷாயம் போடும் கற்பூரவல்லி ஞாபகம் வந்தது. கொல்லையிலிருந்து ஒரு கொத்துப் பறித்துக் கசக்கிக் காட்டினேன். "அட, இதுதான்! ஆனா கொஞ்சமாப் போடு, இது ரொம்பக் கத்துது" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் போடும் வாசனை இலைக்குப் பதில் மலாய்க்காரர்கள் போடும் சலாம் இலை. காளானுக்குச் சீனர் கடை உலர்காளானை ஊறவைத்தோம். பன்றிக்கொழுப்பில் வதக்குவதுதான் முறையாம்; மேடமே அதை வேண்டாம் என்று டின் வெண்ணெயை எடுத்துக்கொண்டார். வைன் மட்டும் அசல். வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடையில் டாக்டர் சொல்லிவைத்து வாங்கி வந்தது. ஒரு போத்தல் சட்டிக்கு, ஒரு போத்தல் மேசைக்கு. கெட்டுப்போனால் இன்னொன்றுக்கு வழியில்லை.

எல்லாம் கிடைத்தது, சேவல் கிடைக்கவில்லை. பாசாரில் கோழி விற்கும் சீனர் சிரித்தே விட்டார். "கெழட்டுச் சேவலா? யாரு சாப்பிடுவா? செருப்புத் தைக்கப் போறியா?" என்றார். மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்தில் கேட்டேன். நம் சாமியைக் கும்பிட்டாலும் வீட்டில் மலாய் பேசுகிறவர்கள் அவர்கள். இருந்த சேவல்களை எல்லாம் மெர்டேகா விருந்துக்கு அடித்தாகிவிட்டது என்றார்கள். புக்கிட் காதில் கிராமம் வரைக்கும் போனேன். அங்கே ஒரு மலாய்ப் பெரியவர் சண்டைச் சேவல் ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "என் சைக்கிள் வேணும்னா எடுத்துக்கோ, இவனத் தர மாட்டேன்" என்றார். இளங்கோழியைப் போட்டால் என்ன என்று மேடத்திடம் கேட்டேன். அது வைனில் கரைந்துவிடும், அப்பா முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி முயற்சியாக மாரிமுத்துவிடம் போனேன். நகரசபையில் சடக்கு வேலை, ரோடு போடுகிற வேலை, பார்த்தவர். டாக்டர் வீட்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் குடியிருந்தார். அவர் மகள் பொன்னிக்கு இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் விழுந்துபோயிருந்தது. டாக்டர்தான் விடாமல் வைத்தியம் பார்த்து, கம்பியைப் பிடித்து நிற்கவும் நடக்கவும் பழக்கிக்கொண்டிருந்தார். மாரிமுத்து வீட்டுக் கூண்டில் நல்ல உயரமான கருஞ்சிவப்புச் சேவல் ஒன்று கெத்தாக நின்றது. டாக்டர் வீட்டு விருந்துக்கு என்றேன். அவர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "டாக்டர் ஐயா வீட்டுக்கா? நான் எப்படிக்கா இல்லேன்னு சொல்லுவேன்?" என்று சேவலைக் கூண்டுக்குப் பின்பக்கம் தூக்கிப் போய், திரும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். விலை பேசினேன், காதிலேயே வாங்கவில்லை. அவர் மனைவி அஞ்சலை அப்போது வீட்டில் இல்லை.

அன்று சாயங்காலம் சேவலை நானே அறுத்தேன். ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்ததும் மேடம் கொஞ்சம் வினிகரை விட்டுக் கலக்கி ஐஸ் பெட்டியில் வைத்தார், வினிகர் இல்லாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். துண்டு போட்டு, வெங்காயம், கேரட், தழைகளோடு வைனில் மூழ்க வைத்தோம். கால்களைச் சூப்புக்காகத் தனியே எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை டாக்டர் காரை எடுத்துக்கொண்டு தம்பின் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். நாங்கள் அடுப்பைப் பற்றவைத்தோம். இறைச்சியை வைனிலிருந்து எடுத்து, துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைக்க வேண்டும். ஈரமிருந்தால் சிவக்காது, அவிந்துபோகும். மேடம் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் போட்டுச் சிவக்க வைத்தார். நான் துண்டுகளை நெருக்கிப் போட்டால் கரண்டியால் என் கையில் ஒரு தட்டு. பிறகு டாக்டரின் பிராந்தியை ஒரு கரண்டி ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். நீல நெருப்பு பக்கென்று எழுந்தது, நான் "ஐயோ அம்மா" என்று பின்னால் குதித்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. நெருப்பு அடங்கியதும் வைனை ஊற்றி, பாதி உப்பைப் போட்டு மூடினார். மீதி உப்பைச் சுவைத்துப் பார்த்துப் போடுவது அவர் வழக்கம். கொதி வந்தது. மூடியைத் திறந்து மரக்கரண்டியில் ஒரு கரண்டி எடுத்து ஊதினார்.

"அக்கா, என் சேவல் எங்க?"

பின்வாசலில் அஞ்சலை நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என்ன சேவல்டி?" என்றேன்.

"என்ன சேவலா? முனியாண்டிக்கு நேந்து விட்ட சேவல்! கால்ல மஞ்சக் கயிறு கட்டி வெச்சிருந்தேன். கயிறு கூண்டுக்குப் பின்னால அறுந்து கெடக்கு. கேட்டா அந்த மனுசன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, டாக்டர் வீட்டுக்குக் குடுத்துட்டேன், சாமிக்கு வேற வாங்கிக்கலாம்னு சொல்றாரு. வேற வாங்குற சாமானா இது?"

அவள் கண் மேசைமேல் இருந்த சேவல் கால்களில் விழுந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒரு காலில் கயிறு பதிந்து பதிந்து தேய்ந்த வளையம் இருந்தது. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம எம்புள்ள எதையும் புடிக்காம நாலு எட்டு வெச்சா அக்கா. இன்னிக்குச் சாயங்காலம் படையல்னு சொல்லி வெச்சிருந்தேன். ராத்திரி பாத்தா ஒடம்பு அனலாக் கொதிக்குது, கால அசைக்கவே மாட்டேங்குறா. ஏன்னு இப்பல்ல தெரியுது!"

மேடம் கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வேறு நல்ல சேவல் வாங்கித் தரட்டுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தக் கேள்வியை நான் விழுங்கியே இருக்கலாம். "சட்டியோட குடுங்க, நான் போறேன்" என்றாள்.

அதையும் மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கார் வந்துகொண்டிருக்கிறது. வேறு சேவல் கிடையாது, வேறு வைன் கிடையாது. சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து மேடத்தின் கதையைச் சொன்னேன்: அம்மா செத்தது, அப்பா எழுதாமல் இருந்தது, இந்த ஒரு வேளைச் சாப்பாடு, எல்லாம்.

அஞ்சலை மூக்கைச் சிந்திக்கொண்டு மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா மொகத்தக்கூடப் பாக்கலியா?"

"கப்பல்ல போய்ச் சேர எத்தன நாளாகும் தெரியுமாடி? சேதியே எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வந்துச்சு."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து அடுப்பருகே வந்தாள். "பன்னி கின்னி போட்டீங்களா?"

"இந்த வீட்டுல அது ஏறாது."

"யாராச்சும் உப்புப் பாத்தீங்களா?"

நான் திரும்பினேன். மேடத்தின் கையில் கரண்டி, அதில் குழம்பு. ஒரு நாளைக்குப் பத்து முறை ருசி பார்க்கிற கை அது. "மேடம், வாயில வெச்சீங்களா?"

"பெலும்" என்றார். இன்னும் இல்லை.

அஞ்சலை குனிந்து முகர்ந்தாள். "என்ன ஊத்தியிருக்கீங்க?"

"திராட்சைச் சாராயம். அதுக்கு முன்னால பிராந்தி ஊத்திக் கொளுத்தினோம்."

"ரத்தம்?"

"பிடிச்சு வெச்சிருக்கோம். கடைசியா அதுலயே ஊத்துவாங்க."

அவள் சட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சேவலு, சாராயம், ரத்தம். முனியாண்டி கேக்குறதும் இதத்தானே?" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "மொத எல அவருக்கு. நான் படைச்சுட்டு வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தர் நாக்குலயும் இது படக்கூடாது. பட்டுச்சுன்னா எம்புள்ள காலுக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும், ஆமா!"

நான் மலாயில் சொல்லச் சொல்ல மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கரண்டியில் இருந்ததைச் சட்டிக்குள் சாய்த்தார். கைகளை ஏப்ரனில் துடைத்தார். "ஜஞ்சி" என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று. அஞ்சலைக்கு அந்த மலாய் வார்த்தையை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் எங்களுக்கு நரகம். வைன் வற்ற வற்ற அதன் புளிப்பு ஏறும், உப்பும் ஏறும். எங்கே நிறுத்துவது என்று நாக்குதான் சொல்ல வேண்டும். மேடம் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி தவித்தார். குழம்பைக் கரண்டியின் பின்பக்கம் வழித்து விரலால் கோடு போட்டுக் கெட்டி பார்த்தார். விரலைக் கழுவினார். விரல் தவறி வாய்க்குப் போய்விடுமோ என்று நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ வாசனையிலேயே சொல்லுவியே, உப்பு எப்படி?" என்று கெஞ்சினார். முகர்ந்தேன். ரசமாக இருந்தால் சொல்லிவிடுவேன், சாம்பாராக இருந்தால் சொல்லிவிடுவேன். இதில் வைன் என் மூக்கை அடைத்துக்கொண்டது. "சத்தியமாத் தெரியல மேடம். கூடிப்போனா எடுக்க முடியாது. இப்படியே விடுங்க" என்றேன். மீதி உப்பு கிண்ணத்திலேயே இருந்தது. அடுப்பைத் தணித்து, ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். கொதித்தால் திரிந்துவிடும். நல்லவேளை, திரியவில்லை. குழம்பு கறுத்துப் பளபளத்தது.

வாழையிலையில் சோறு வைத்து, ஒரு தொடையும் ஈரலும் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். மேடம் உள்ளே போய் மேசைக்கு வைத்திருந்த வைனைத் திறந்து ஒரு சின்னக் கிளாசில் ஊற்றிக்கொண்டுவந்து அஞ்சலையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு பின்வழியாக, வரிசை வீடுகளுக்கு அப்பால் இருந்த முனியாண்டி மரத்தடிக்குப் போனாள். அவள் முதுகு மறைவதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது.

பெரியவர் உயரம், ஒடிசல், வெயிலில் சிவந்த முகம். மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரொட்டிக்காரரிடம் வாங்கிய ரொட்டியை வெட்டி வைத்தேன். பியத்துப் பியத்து மேசை விரிப்பில் போட்டாரே தவிர, சாப்பிடவில்லை.

டாக்டர் சமையலறைக்கு வந்து பல்லைக் கடித்தார். "ஏன் இன்னும் எடுத்து வைக்கல? கார்ல வரும்போது மனுஷன் வாயையே தெறக்கல. இப்ப பசியில உக்காந்திருக்கார்!"

விஷயத்தைச் சொன்னேன். "சாமியாவது பூதமாவது! பொன்னிக்கு இருக்கிறது சாதாரணக் காய்ச்சல், சாப்பிட்டதும் நான் போய்ப் பாக்குறேன். நீ எடுத்து வை சரசு" என்றார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் சட்டி மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கணவரிடம் பிரெஞ்சில் தாழ்ந்த குரலில் இரண்டே வார்த்தை சொன்னார். டாக்டர் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார். அந்தக் குரல் அவருக்கும் பழக்கம்தானே.

நான் வேலிப் பக்கமாகப் போய் நின்றேன். பாதையில் யாருமில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்தே விட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். முனியாண்டி, சீக்கிரம் சாப்பிடப்பா என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் அஞ்சலை வந்தாள், நெற்றி நிறையத் திருநீறு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருமுறை தலையாட்டினாள். நான் உள்ளே ஓடினேன்.

மேடம் ஒரு நொடி தாமதிக்கவில்லை. குழம்பைப் பெரிய தட்டில் மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். "மேடம், ராசா டூலு!" என்று நானே கத்தினேன். என் வாயிலிருந்து அது வந்ததே எனக்கு ஆச்சரியம். "நேரமில்லை" என்று போய்விட்டார்.

அதன் பிறகு மேசையில் பேசியதெல்லாம் பிரெஞ்சு. டாக்டர் பின்னால் எனக்குச் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியவர் முள்கரண்டியால் ஒரு துண்டைக் கிழித்தார். வாயில் வைத்தார். மென்றார். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"உப்பில்லை" என்றார்.

மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. உப்பு எடுக்க எழுந்தார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"உட்கார். உன் அம்மாவும் இப்படித்தான் வைப்பாள். எனக்கு ரத்தக் கொதிப்பு என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்பை ஒளித்துவைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் கத்துவேன். அவள் சமைத்த கடைசி ஞாயிறும் கத்தினேன்."

அவ்வளவு உயரமான மனிதர், மேசை நாப்கினை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் ரொட்டித் தட்டோடு சுவர் ஓரமாக நின்றுவிட்டேன். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

"தன் நோயைப் பற்றி உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்" என்றார் பெரியவர். "மகள் கப்பலில் தனியாக அழுதுகொண்டே வருவாள், வேண்டாம் என்றாள். நானும் சொல்லவில்லை. அப்புறம் உன் கடிதங்கள் வந்தன. சொல்லாமல் விட்டேன் என்பதை உனக்கு எப்படி எழுதுவேன்? பேனாவை எடுப்பேன், வைப்பேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை. எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயம்."

மேடம் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் சரியாக உப்புப் பார்த்துப் போட்டிருந்தால் பெரியவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயிலேறியிருப்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு அவர் சாப்பிட்டார் பாருங்கள்! உப்பைத் தொடவே இல்லை. எலும்பைக் கையில் எடுத்து உறிஞ்சி, ரொட்டியால் தட்டை வழித்து, இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினார். டாக்டரைப் பார்த்து ஏதோ கேட்டார். டாக்டர் சிரித்தார். அதற்கப்புறம் மூன்று பேரும் பேசினார்கள், பேசினார்கள், எனக்குப் பாத்திரம் எடுக்க வழியே விடவில்லை.

சாயங்காலம் டாக்டர் பையை எடுத்துக்கொண்டு பொன்னியைப் பார்க்கப் போனார். பெரியவரும் கூடவே நடந்தார். தொண்டைப் புண்ணால் வந்த காய்ச்சலாம். மருந்து கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வேலியைப் பிடிக்காமல் எங்கள் கொல்லைவரை நடந்து வந்தாள். அஞ்சலை அதற்கு யாரைக் கும்பிட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாரிமுத்துவுக்கு மட்டும் ரொம்ப நாள் வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று கேள்வி.

அன்று அவர்கள் பொன்னியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தம்பின் ரயில் போய்விட்டிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விடிந்ததும் தானே காரில் சிங்கப்பூர்வரை கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிடுவதாக டாக்டர் சொன்னாராம். நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேடம் சமையலறைக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"ராத்திரிக்கு என்ன இருக்கு, சரசு?"

"ரசமும் அப்பளமும்தான், மேடம்."

"அரிசி கொஞ்சம் கூடப் போடு" என்றார். "அப்பா இருக்கார்."